மயஸ்தீனியா கிராவிஸ்: மாத்திரையை வேளை பிரிப்பது பற்றி உதவி தேவை

முக்கூடலில் பீடி சுற்றும் என் அம்மாவுக்கு (வயது 54) சென்ற ஆவணியில் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் இருப்பது உறுதியானது. நரம்பு முனை வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ள வேண்டிய தசையின் ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்கி அடைத்துவிடுவதால், நரம்பின் கட்டளை தசைக்கு முழுமையாகப் போய்ச் சேருவதில்லை. காலையில் தடையின்றி இலை வெட்டும் விரல்கள், பொழுது சாயும்போது பீடிக்கு நூல் கட்டவும் வலுவின்றிப் போகின்றன. இடது இமை தொங்கிவிடுகிறது. இரவுச் சோற்றை மெல்ல முடியாமல் பாதியில் தட்டைத் தள்ளிவிடுகிறார். மூச்சுத்திணறல் இதுவரை இல்லை. எங்கள் பெரிய அச்சம் அதுதான்.

இந்த நோயோடு சிலருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி வரும்; மார்பு ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. மூன்று வேளை கொடுக்கிறோம். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால் பலன் கண்கூடாகத் தெரிகிறது; ஆனால் மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக மாத்திரை கொடுத்தோம், சோற்றைக் குழைய வடித்தோம், மாலையில் பீடித்தட்டைத் தொடவிடவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டியபோது வயிற்றுப்போக்கு வந்ததால் அவரே பழைய அளவுக்குக் குறைத்தார்.

பாளையங்கோட்டையில் மருத்துவரை அடுத்து பார்க்கும்போது பேசுவதற்காகக் கேட்கிறேன்: மொத்த அளவைக் கூட்டாமல், இதே மருந்தைச் சிறு அளவுகளாக நான்கைந்து வேளைக்குப் பிரித்துக் கொடுத்ததில், உங்கள் வீட்டில் யாருக்காவது மாலை நேரத் தளர்ச்சி குறைந்ததா?