‘லாஸ்ட் டிஸ்க்’: ஒரு சொல் போதுமா, மூன்று வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

டிஸ்க் கோல்ஃப் ஆடுவோருக்கான ஒழுங்குமுறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் வேலையில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைதான் இலக்கு. ஏறத்தாழ 21 செ.மீ. குறுக்களவுள்ள பிளாஸ்டிக் தட்டை எறிந்து, எத்தனை எறிகளில் கூடைக்குள் விழுகிறது என்று எண்ணுவார்கள். களம் பெரும்பாலும் காடும் புதரும் குளமுமாக இருக்கும், ஆகவே தட்டு தொலையும்.

சிக்கல் ‘லாஸ்ட் டிஸ்க்’ என்பதில். ஆட்ட விதியில் அதற்கு ஒரு பொருள், மரியாதை நடைமுறையில் வேறு பொருள். விதிப்படி, தேடத் தொடங்கி 3 நிமிடத்தில் அகப்படாவிட்டால் அது ‘லாஸ்ட்’: ஒரு எறி தண்டம், முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும். நடைமுறையில், நேற்று யாரோ விட்டுப்போனது இன்று உங்கள் காலில் தட்டுப்பட்டால் அதுவும் ‘லாஸ்ட் டிஸ்க்’தான். ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டால் கையேட்டைப் படிப்பவர் குழம்புவார். கண்டெடுத்தது, திருப்பிக் கொடுப்பது, பெயர் எழுதாதது ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

— செ.

* * *

செ. அவர்களுக்கு,

டிஸ்க் என்பதற்கு ‘வட்டு’ போதும். புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்று 401ஆம் குறளிலேயே ஆட்டத்துக்குரிய காயாக வட்டு வந்துவிட்டது. கட்டம் வரையாமல் வட்டாடுவது போல என்பது உவமை. உங்கள் ஆட்டத்துக்கும் களம் வரைந்தாக வேண்டும் என்பதால் பொருத்தம் கூடுகிறது. ‘ஆழி’ என்று ஒருவர் சொல்வார் என எதிர்பார்க்கிறேன். திருமாலின் சக்கரமான ஆழி எறிந்தவன் கைக்கே திரும்பி வரும். இது வராது, வந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

ஆட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். கோல்ஃபைக் குழிப்பந்தாட்டம் என்கிறோம் என்பதற்காக ‘வட்டுக் குழிப்பந்து’ என்று எழுதிவிடாதீர்கள். குழியும் இல்லை, பந்தும் இல்லை. கூடைப்பந்து என்று சொல்லிப் பழகியவர்களுக்குக் ‘கூடைவட்டு’ உடனே புரியும்.

தொலைந்ததைத் ‘தொலைவட்டு’ எனலாம், திருப்பிக் கொடுப்பதை ‘வட்டு மீட்பு’ எனலாம்.

— அ.

* * *

> ‘வட்டு’ போதும்

தமிழ்நாட்டில் தடகளத்து டிஸ்கஸையும் வட்டு எறிதல் என்றுதானே எழுதுகிறீர்கள்? எங்களுக்கு இலங்கையில் அது பரிதிவட்டம், ஆகவே மோதல் இல்லை. உங்களுக்குப் பரவாயில்லை என்றால் எனக்கும் சரி.

— யோ.

* * *

வணக்கம். வட்டு, கூடைவட்டு இரண்டுக்கும் என் ஓட்டு. அ. ஐயா சொன்ன ‘வட்டு மீட்பு’ மட்டும் வேண்டாம். களத்தில் மீட்பு என்றால் குளத்திலிருந்தும் மரத்திலிருந்தும் எடுப்பது. நீட்டுக் கழியால் துழாவுவது, கயிற்றில் கட்டிய கொக்கியைக் குளத்தில் எறிந்து அடியோடு இழுப்பது எல்லாம் மீட்பு. மீட்டவர் தன் பையில் போட்டுக்கொண்டு போனாலும் மீட்பு மீட்புதான். உடையவர் கையில் சேர்வது அடுத்த வேலை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘ஒப்படைப்பு’ என்று நேராகச் சொல்லலாம்.

‘தொலைவட்டு’ பற்றி. விதியில் வருவது தொலைந்த வட்டே அல்ல. 3 நிமிடத்தில் காணவில்லை என்ற நிலை, அவ்வளவே. நான்காவது நிமிடம் புதருக்கடியில் அகப்பட்டாலும் தண்டம் மாறாது. அதனால் விதிக்குக் ‘காணா வட்டு’ என்று வைத்து, நடைமுறைக்குத் ‘தொலைந்த வட்டு’ என்றே விட்டுவிடலாம்.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லழகுக்காக இல்லை. புல்வெளி நடுவில் ஒரு வட்டு கிடக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. புதிதாக வருபவர் ‘தொலைந்தது’ என்று எடுத்துவிடுவார். உண்மையில் அது பக்கத்துக் கூடைக்கு எறிந்தது திசைமாறி வந்து விழுந்ததாக இருக்கும், எறிந்தவர் மரங்களுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருப்பார். எடுத்துவிட்டால் அவர் தேடுவார், 3 நிமிடம் முடியும், காணா வட்டு ஆகிவிடும். எறிந்த எறியும் வீண், தண்டமும் ஒன்று, ஆக மொத்தம் இரண்டு போகிறது. யாரோ எடுத்துவிட்டதால்தான் காணவில்லை என்று போட்டி முடிவதற்குள் தெரியவந்தால், அந்தக் கூடைக்கான எண்ணிக்கையில் இரண்டைக் கழிக்க விதியே இடம்தருகிறது. போட்டியில்லாத நாளில் கழித்துத் தர ஆள் ஏது?

ஆகவே கையேட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ‘கிடக்கும் வட்டெல்லாம் தொலைந்த வட்டல்ல. சுற்றிப் பாருங்கள், குரல் கொடுங்கள், அடுத்த குழு வரும்வரை தொடாதீர்கள்.’ உடையவர் கண்ணில் பட்டால் அங்கிருந்தே வீசிக் கொடுக்கவும் கூடாது. 175 கிராம் கெட்டிப் பிளாஸ்டிக், விளிம்பு கூர்மை. நடந்து போய்க் கையில் கொடுங்கள், அல்லது கிடந்த இடத்தைக் கைகாட்டுங்கள்.

— ந.

* * *

காணா வட்டு நன்று. மீட்பைத் திரும்பப் பெறுகிறேன்.

— அ.

* * *

பெயர் எழுதாத வட்டுக்குப் ‘பெயரிலி வட்டு’ என்று யாராவது எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன்: அநாமத்து வட்டு.

வங்கியில், கணக்குப் பிள்ளைகளிடத்தில் இன்றும் புழங்கும் சொல். யாருடையது என்று தெரியாத தொகையை அநாமத்துக் கணக்கில் வைப்பார்கள். பேச்சிலும் ‘அநாமத்தாக் கிடக்குது’ என்கிறோம். மூலம் அமானத் என்னும் அரபுச்சொல், நம்பி ஒப்படைத்தது என்று பொருள். கண்டெடுத்த வட்டு அத்தனைக்குமே இதை வைக்கலாம் என்பது என் கட்சி. எடுத்தவர் உடைமையாளர் இல்லை, வைத்திருப்பவர் மட்டுமே என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

— க.

* * *

> கண்டெடுத்த வட்டு அத்தனைக்குமே

இதில்தான் இடிக்கிறது, க. அண்ணே. மூலத்தில் நம்பிக்கை இருக்கலாம். இன்றைய காதில் அநாமத்து என்றால் கேட்பாரற்றது. ‘அநாமத்தாக் கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்’ என்பது அப்படியே வட்டை அமுக்குகிறவர் சொல்லும் சாக்கு. உள்பக்கம் உடையவரின் பத்து இலக்கத் தொலைபேசி எண் பளிச்சென்று இருக்கும் வட்டை அநாமத்து என்று கையேடே சொல்லிக் கொடுத்தால் எப்படி?

பெயரில்லாததற்கு மட்டும் வைத்துக்கொள்வோம், பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு கிளை. நிறைய வட்டு அநாமத்தாகப் பிறப்பதில்லை, பிறகு ஆகிறது. எழுதியது அழிந்துவிடுகிறது. விளிம்பின் உட்சுவரில் எழுதினால் விரல் பிடிக்கும் இடம், ஒவ்வொரு எறியிலும் தேயும். அடிப்பக்கத் தட்டையில், நடுவுக்குச் சற்று விலகி எழுதினால் நெடுநாள் நிற்கும். மலிவான மென்பிளாஸ்டிக்கில் அழியா மை ஊறிப் பரவும், சில மாதத்தில் 3உம் 8உம் ஒன்றுபோல் தெரியும், 1உம் 7உம் அப்படியே. இலக்கம் ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. உயரம் இருக்கட்டும், இடைவெளி விடுங்கள். வழவழப்பான உயர்ரகப் பிளாஸ்டிக்கில் மை ஊறாமல் மேலேயே நிற்கும், மண்ணில் உரசி உதிரும். அதில் அவ்வப்போது மேலெழுத வேண்டும். கறுப்பு வட்டுக்கு வெள்ளி நிறப் பேனா. வெளிநாட்டில் ஆடப் போகிறவர்கள் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுதுவது நல்லது.

பி.டி.ஜி.ஏ. (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) போட்டியில் ஒவ்வொரு வட்டிலும் தனி அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே ஒரு புள்ளியும் கோடும் போதும். ஒப்படைப்புக்குப் போதாது. இதையும் கையேட்டில் பிரித்துச் சொல்ல வேண்டும்: விதிக்கு ‘அடையாளம்’, ஒப்படைப்புக்கு ‘முகவரி’. உறுப்பினர் எண் எழுதியிருந்தால் சங்கத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பிடிக்கலாம். வெறும் முதலெழுத்து மட்டும் இருந்தால் அதுவும் அநாமத்துக்குத் தம்பிதான்.

— ந.

* * *

எங்கள் வீடுகளில் அதே சொல் வேறு வடிவில் உயிரோடு இருக்கிறது: அமானிதம். ‘இது அமானிதம், தொடாதே’ என்றால் பிள்ளைக்கும் புரியும், பிறர் பொருள், காப்பது நம் பொறுப்பு என்று. க. தேடும் கருத்து அநாமத்தில் தேய்ந்துவிட்டது, அமானிதத்தில் தேயவில்லை. எல்லா வாசகர்க்கும் பழக்கமில்லை என்றால் ‘அடைக்கலப் பொருள்’ இருக்கவே இருக்கிறது. கண்டெடுத்தவர் கையில் இருக்கும் வரை அது ‘அடைக்கல வட்டு’.

சட்டமும் இதையொட்டித்தான். ஆட்டம் பிறந்த கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 485ஆம் பிரிவு: உடையவர் யாரென்று விசாரித்தறிய வழி இருந்தும் நியாயமான முயற்சி எடுக்காமல் கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொண்டால் அது திருட்டு. வட்டில் எண் இருக்கிறது என்றால் வழி இருக்கிறது என்றுதானே பொருள்.

— ர.

* * *

அடைக்கலம் கொஞ்சம் கனமாக இல்லையா? ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு. ஆனாலும் இதைவிட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போகட்டும்.

— க.

* * *

அனைவருக்கும் நன்றி. களத்தில் வைக்கும் அறிவிப்புப் பலகைக்கான வரைவு கீழே. திருத்துங்கள்.

‘அடைக்கல வட்டில் எண் இருந்தால் அன்றே குறுஞ்செய்தி அனுப்புங்கள். களத்தின் பெயர், எந்தக் கூடைக்கருகே கிடைத்தது, வட்டின் நிறம், எங்கே விட்டிருக்கிறீர்கள், இந்த நான்கும் போதும். பதில் இல்லையென்றால் சில நாள் கழித்து இன்னொரு செய்தி. எண் இல்லாத அநாமத்து வட்டைக் களத்து உண்டியலில் இடுங்கள்.’

— செ.

* * *

> களத்து உண்டியலில் இடுங்கள்

உண்டியலில் போட்டது சாமிக்கு! திரும்பக் கேட்டால் கோவில்காரர் சிரிப்பார். ‘ஒப்படைப்புப் பெட்டி’ என்று எழுதுங்கள்.

— அ.

* * *

வரைவு நன்றாக இருக்கிறது, செ. குறுஞ்செய்தி என்று குறிப்பிட்டது மிகச் சரி. அறியாத எண்ணிலிருந்து அழைத்தால் பலர் எடுப்பதில்லை. இன்னும் சில திருத்தங்கள்.

எண் இல்லாததைக் குழுக்களில் அறிவிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. நிறமும் களமும் சொல்லுங்கள், அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும் எடையையோ மேலே அச்சிட்ட படத்தையோ மறைத்து வையுங்கள். கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும். எண் உள்ள வட்டைப் படம் எடுத்துப் போட்டால் எண்ணை மறைத்துவிடுங்கள், பொதுவில் போடத்தக்கது அல்ல.

‘4ஆம் கூடைப் புதரில் வையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று உடையவர் சொல்வதுண்டு. வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் அதைக் கண்டெடுத்து அவருக்கே இன்னொரு செய்தி அனுப்புவார், அல்லது அனுப்ப மாட்டார். களத்துக் கடையோ பெட்டியோதான் இடம். அஞ்சலில் அனுப்பச் சொன்னால் செலவை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மலிவான வட்டென்றால் அஞ்சல் செலவே அதன் விலையை நெருங்கிவிடும். உடையவர் தானாகத் தருவது வேறு, கண்டெடுத்தவர் கூலி கேட்பது முறையல்ல. பெயருள்ள வட்டை விற்பது எந்தக் களத்திலும் கெட்ட பெயர்தான்.

குளம் பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள். டிராகன், ஹைட்ரா போல மிதப்பதற்கென்றே செய்தவை தவிரப் பெரும்பாலான வட்டு மூழ்கும். எடுக்கக் கழியும் கொக்கியும் கரையிலிருந்து மட்டும், இறங்கக் கூடாது. 2022இல் ஃப்ளோரிடாவின் லார்கோவில் களத்தையொட்டிய ஏரியில் வட்டு தேடி இறங்கியவர் முதலைக்குப் பலியானார். குளத்தில் எடுத்த பெயருள்ள வட்டும் அடைக்கல வட்டே. நனைந்த பாடுக்குக் கூலி என்று வைத்துக்கொள்வதைத்தான் ஒப்படைப்பு என்ற தனிச்சொல்லால் தடுக்கப் பார்க்கிறோம்.

கடைசியாக, உடையவர் ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால் அந்த வட்டுக்கு என்ன பெயர் என்று செ. கேட்பார். பெயர் வேண்டாம், அது இனி உங்கள் வட்டு. பழைய எண்ணை மட்டும் அன்றே எடுத்துவிடுங்கள். உயர்ரகப் பிளாஸ்டிக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். மென்பிளாஸ்டிக்கில் கறை நிற்கும், அசிட்டோன் போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு கெடும். அங்கே பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் உங்கள் எண்ணை எழுதுங்கள். கோடு இழுக்க மறந்தால், அடுத்த முறை நீங்கள் தொலைக்கும்போது செய்தி பழைய ஆளுக்குப் போகும். ஒருமுறை விட்டுக்கொடுத்த மனிதரை மறுபடி எழுப்புவானேன்?

— ந.