கேவியட்டுக்கு ஒரு சொல்: ‘கட்டளைவிலக்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பன்னாட்டு அமைதிகாப்புப் பணிகளைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். (‘அமைதிப்படை’ என்றாலே 1987-க்குப் பிறகு நமக்கு வேறு நினைவுகள் வந்துவிடுவதால் ‘அமைதிகாப்பு’ என்றே எழுதுகிறேன்.) மற்ற சொற்கள் எப்படியோ ஒப்பேறிவிட்டன. ‘நேஷனல் கேவியட்’ என்ற இடத்தில்தான் மூன்று நாளாக வண்டி நிற்கிறது.

கேவியட் மனு நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கேட்காமல் உத்தரவு போட்டுவிடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே சொல்லிவைப்பது. படை விஷயத்தில், ஒரு நாடு தன் வீரர்களைப் பன்னாட்டுப் படைக்கு அனுப்பும்போதே வரம்பு கட்டி அனுப்புகிறது: இந்தப் பகுதியைத் தாண்டிப் போகமாட்டார்கள், இரவு ரோந்து கிடையாது, கலகக் கூட்டத்தைக் கலைக்கமாட்டார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் வேறு வேறு. அடியில் இருப்பது அதே ‘என்னைக் கேட்காமல் கூடாது’தான்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2004 மார்ச்சில் கொசோவோவில் அல்பேனியர்களுக்கும் செர்பியர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் போதும். நேட்டோ தலைமையிலான படை பல்லாயிரம் பேரோடு அங்கேயே இருந்தது. ஆனால் சில நாட்டுப் படைப்பிரிவுகளுக்குக் கூட்டத்தை அடக்கும் பணியில் இறங்க அனுமதி இல்லை. இரண்டு நாளில் 19 பேர் இறந்தார்கள். தேவாலயங்களும் வீடுகளும் எரிந்தன. ஆள் இருந்தும், அந்த ஆளை ஏவ முடியாத நிலை.

ஐ.நா. படைகளிலும் இதே கதைதான். படைத்தளபதிக்குக் கிடைப்பது செயற்கட்டுப்பாடு மட்டும், அதாவது களத்தில் வேலை ஏவும் அதிகாரம். பதவி உயர்வும் தண்டனையும் தாய்நாட்டின் கையில். அதனால் தளபதியின் உத்தரவு ரேடியோவில் வந்ததும், படைப்பிரிவின் தலைவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, கூடாரத்துக்கு வெளியே போய் சாட்டிலைட் போனில் தன் தலைநகரை அழைப்பார். அங்கிருந்து பதில் வருவதற்குள் கிராமத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகம் 2014-ல் வெளியிட்ட மதிப்பீடு இதைத் தொட்டுக் காட்டியது. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் பாதிக்கப்பட்ட 507 நிகழ்வுகளில் 101-ல்தான் அமைதிகாப்புப் பணியினர் உடனடியாகச் செயல்பட்டிருந்தார்கள். காரணங்களில் ஒன்றாக அது சொன்னது, களத்துக்கும் தலைநகருக்கும் இடையே ஓடும் இந்த இரண்டாவது கட்டளைத் தொடரை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘எச்சரிக்கை’ அகராதிப் பொருள், இங்கே ஒட்டாது. ‘நிபந்தனை’ ரொம்பப் பொது; பணம், தளவாடம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை உண்டு. ‘தேசியத் தடை’ என்றால் யாரோ ஒரு நாட்டின் மேல் பொருளாதாரத் தடை போட்டுவிட்டார்கள் என்று தோன்றும். ‘படைவிலக்கு’ படை திரும்பி வந்துவிட்டதாக ஒலிக்கிறது. ‘நாட்டுவிலக்கு’ என்று எழுதிப் பார்த்தேன், நாட்டுக்கோழி ஞாபகம் வந்தது, அழித்துவிட்டேன்.

என் பரிந்துரை ‘கட்டளைவிலக்கு’. ‘விலக்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. வரிவிலக்கில் அது சலுகை, மதுவிலக்கில் அது தடை. கேவியட்டும் அப்படித்தான்: அனுப்பும் நாட்டுக்குச் சலுகை, களத்தில் நிற்கும் தளபதிக்குத் தடை. உங்கள் கருத்து?

*

நண்பரே, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். ‘கட்டளைவிலக்கு’ என்றால் கொடுத்த கட்டளையை விலக்கிக்கொள்வது, அதாவது ரத்து, என்று படிக்க மாட்டார்களா? இன்னொன்று, எழுத்தில் ஒப்புக்கொண்ட வரம்பும் கடைசி நேரத்தில் போனில் வரும் ‘வேண்டாம்’ என்பதும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் குற்றவாளி தப்பித்துக்கொள்வான். முதலாவதற்கு ‘வரம்புரை’ என்று வைக்கலாமே.

*

ஐயா, நன்றி. இரண்டாவது கேள்வி என்னை உட்காரவைத்துவிட்டது. ஒன்றல்ல. கிழக்குத் திமோரின் தலைவர்களில் ஒருவரான ஹோசே ராமோஸ் ஹோர்ட்டா தலைமையில் அமைதிகாப்புப் பணிகளை ஆராய்ந்த ஐ.நா. குழு 2015-ல் இதைத்தான் பிரித்தது. தொடக்கத்திலேயே ஐ.நா. செயலகம் ஏற்றுக்கொண்ட வரம்பு செல்லும். அதற்கு மேல் வருவதையெல்லாம் கீழ்ப்படியாமையாகவே கருத வேண்டும் என்றது. ஆகவே தமிழிலும் பிரித்தே ஆக வேண்டும். தெரிந்த வரம்பை வைத்துத் தளபதி திட்டம் போட முடியும்: இந்தப் பிரிவு இரவில் வராது, சரி, வேறு பிரிவை வைப்போம். தெரியாத வரம்புதான் ஆளைக் கொல்லும்.

‘வரம்புரை’ அழகு. ஆனால் முன்னுரை, பொருளுரை வரிசையில் போய் நின்று, ஏதோ நூலின் ஒரு பகுதி போலத் தெரிகிறது. ரத்து என்று படிக்கும் ஆபத்து உண்மைதான். ஆனாலும் ‘கட்டளைவிலக்கு கேட்டது’, ‘கட்டளைவிலக்கு பெற்ற படைப்பிரிவு’ என்று வாக்கியத்தில் வந்தால் குழப்பம் போய்விடுகிறது. வரிவிலக்கு பெற்ற நிறுவனம் என்று யாரும் தடுமாறாமல் படிக்கிறோமே.

எனவே இப்படி எழுதப்போகிறேன்: ஒப்பந்தத்தில் உள்ளது ‘கட்டளைவிலக்கு’. சொல்லாமல் வைத்திருந்து களத்தில் எடுத்து நீட்டுவது ‘மறைவிலக்கு’. கேவியட்டே இல்லாமல் வரும் படைக்கு ‘விலக்கிலாப் படை’ என்று தோன்றுகிறது. அதில் மட்டும் ஓசை கொஞ்சம் இடறுகிறது. யாருக்காவது நல்லதாக ஏதும் கிடைத்தால் சொல்லுங்கள், கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.