இரவு மூன்று மணிக்கு எப்படிச் செபிக்கிறீர்கள்?

அக்காமார், அண்ணாமார், ஒரு உதவி வேண்டும். ஆறு மாதமாக அம்மா பாரிசவாதத்தோடு படுக்கையில். பகலில் கந்தோர், இரவில் அம்மா. மூன்று மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுச் செபமாலையை எடுப்பேன். மாலையின் இரண்டாம் மணியிலேயே மனம் கடன் கணக்குக்கும் மருந்துத் துண்டுக்கும் ஓடிவிடும். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்றே தெரியாது.

விசுவாசம் காணாது என்றார் சொந்தக்காரர் ஒருவர். சரி, அவருக்கு நல்ல நித்திரை வருகிறது.

எனக்கு ஆறுதல் தந்தது விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் எலியாவின் கதைதான். போதும், உயிரை எடுத்துவிடும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரைக் கடவுள் ஏசவில்லை. தூதரை அனுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். அரசர் முதல் நூல், 19ஆம் அதிகாரம். 131ஆம் திருப்பாடலும் பிடிக்கும். மூன்றே வசனம், களைத்த தலைக்கு அவ்வளவுதான் ஏறும்.

இலங்கையில் மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்கும் எடுத்துக் கதைத்தேன். அதுவும் உதவியது.

இப்படிச் சின்னப் பகுதிகள் வேறு தெரிந்தால் எழுதுங்கள். அப்புறம், யாழ்ப்பாணத்தில் பெரியகோயில், குருநகர் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பிறகு கூடும் செபக்குழு இருக்கிறதா? சத்தம் போடாத குழுவாக இருந்தால் நல்லது, ஏற்கெனவே தலையிடி.