ஃபிளெக்ஸுக்கு மாற்றாக எந்தப் பொருளைப் பயன்படுத்தலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் விரைவில் திறக்கவிருக்கும் சிறுதானிய விற்பனை நிலையத்துக்கு, சாலையோரத்தில் உரிய அனுமதியுடன் வைக்கப்படும் விளம்பரப் பலகைகளை ஃபிளெக்ஸ் இல்லாமல் செய்ய விரும்புகிறோம்.

பாலியஸ்டர் வலைத்துணியின் மேல் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கைப் பூசிச் செய்யப்படுவதால், ஃபிளெக்ஸைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். எரித்தாலோ ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின்கள் ஆகிய நச்சுப் பொருள்கள் வெளிப்படும். 100 மைக்ரானுக்கும் (0.1 மி.மீ.) குறைவான தடிமன் கொண்ட பி.வி.சி. பதாகைகள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. அதனால் தடிமனான ஃபிளெக்ஸைப் போடலாம் என்று அச்சகத்தார் யோசனை சொல்கிறார்கள்; சட்டத்துக்கு அது போதுமென்றாலும் எங்கள் நோக்கத்துக்குப் போதாது.

ஈரோட்டுக் காடாத் துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) திரை அச்சு முறையில் அச்சிடுவதே எங்களின் முதல் விருப்பம். ஆனால், பூச்சில்லாத பருத்தித் துணி மழையில் நனைந்து தொய்வதையும் வெயிலில் நிறம் மங்குவதையும், மீண்டும் பிளாஸ்டிக் பூச்சுக்கே திரும்பாமல், எவ்வாறு தடுப்பது? பி.வி.சி. கலக்காத பாலிஎதிலீன் பதாகைகளைப் பயன்படுத்தியவர்கள், அவற்றைப் பின்னர் உண்மையிலேயே யாரேனும் மறுசுழற்சிக்கு வாங்கிக்கொண்டார்களா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். (மறுசுழற்சி செய்யலாம் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.)

சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர்கள் ஈரோடு, கரூர் பகுதிகளில் இருந்தால், சதுர அடிக் கூலியுடன் தெரிவியுங்கள்.