மின்கழிவுக்கு வரும் 1,500 கோடி: இயந்திரத்துக்கா, சேகரிப்புக்கா?

குறிச்சிப் பட்டறை:
வணக்கங்க. பழைய மின்னணுப் பொருள்களிலிருந்தும் பேட்டரிகளிலிருந்தும் லித்தியம், கோபால்ட், செம்பு போன்ற முக்கியக் கனிமங்களைப் பிரித்தெடுப்பவர்களுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. இயந்திரச் செலவில் 20 சதவீதம் மானியம். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, சிறிய நிறுவனங்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும்.

நான் மின்கழிவைக் கழற்றிப் பிரிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கணினியைத் திறந்து இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக், சர்க்யூட் போர்டு என்று பிரிப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. போர்டு மூட்டையாகி வெளியூர் போகிறது. அதிலுள்ள செம்பும் வெள்ளீயமும் டான்டலம் என்ற அரிய உலோகமும் வேறு யாருடைய உலையிலோ பிரிகின்றன. நல்ல வருமானமும் அங்கேதான். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: பேட்டரியை அரைத்துக் கருப்புத் தூளாக விற்பதோடு நிறுத்திக்கொண்டால் பணம் கிடையாது, உலோகமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நாலு பட்டறை சேர்ந்தால் கோவையிலேயே செய்யலாம் என்று நம்புகிறேன். பம்பு மோட்டார் செய்யக் கற்றுக்கொண்ட ஊருக்கு இது முடியாதா?

உக்கடம் இரும்புக்கடை:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழைய இரும்புக்கடைதான். எரிந்துபோன மோட்டார் ஒன்று வந்தால் அதிலுள்ள செம்பில் ஒரு பிடிகூட வீணாகாது. அதற்கு எந்த அரசும் மானியம் தந்ததில்லை. விலை இருக்கிறது, அதனால் தானாக வந்து சேர்கிறது.

விலை இல்லாததைச் சொல்கிறேன், கேளுங்கள். பழைய குண்டு டிவியின் பிக்சர் டியூப். கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது. கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியைப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். டியூப்லைட்டில் பாதரசம், அதை எங்கள் தராசில் யாரும் வைப்பதே இல்லை. 2022 மின்கழிவு விதிகளின்படி, மின்னணுப் பொருள் தயாரிக்கும் கம்பெனிகள் மறுசுழற்சி செய்பவர்களிடமிருந்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும், சரி. ஆனால் அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்று நாலு உலோகத்துக்குத்தானே? புது முதலீடும் அதே செம்பைத் துரத்திக்கொண்டுதான் வருகிறது. காரீயக் கண்ணாடியை எடுத்துப்போக யார் பணம் தருவார்கள்?

குறிச்சிப் பட்டறை:
தம்பி, செம்புக்கு விலை இருப்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் செம்பை எடுக்க ராத்திரியில் ஒயரை எரிப்பது ஏன்? மேலுறை பிவிசி, எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். எரித்த செம்புக்கு விலையும் குறைவு, அது உங்களுக்கே தெரியும். ஒயரை அரைத்து செம்பையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரிக்கிற இயந்திரம் இருந்தால் புகையும் இல்லை, விலையும் கூடும். அதை வாங்க முதல் இல்லாததால்தான் தீக்குச்சி. முதலீடு அங்கேதான் வேலை செய்யும் என்கிறேன்.

ஒரத்துப்பாளையம் விவசாயி:
இரண்டு பேரும் சொல்வதைப் படித்தேன் கண்ணுகளா. எனக்கு மின்கழிவு தெரியாது, நொய்யல் ஆறு தெரியும். திருப்பூர் சாயத்தண்ணீர் வந்து தேங்கியது எங்கள் ஊர் அணையில். பாசனத்துக்குக் கட்டின அணை. அந்தத் தண்ணீரைக் காட்டுக்குப் பாய்ச்ச முடியவில்லை, கிணறுகளும் உப்பாகிப் போயின. சுத்திகரிப்புக்குப் பணம் போடுகிறோம் என்ற பேச்சு வருசக்கணக்கில் ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, மின்சாரத்தையும் வெட்டின பிறகுதான், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை நிஜமாகவே நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்கின்றன. பணம் வேலை செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதுகில் கை வைத்துத் தள்ள ஆள் இருந்ததால் செய்தது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னமும் தலைவலிதான்.

உக்கடம் இரும்புக்கடை:
ஐயா சொல்வது சரி. அதோடு இன்னொன்றும் நடந்தது. பணம் போட முடியாத சின்னச் சாயப்பட்டறைகள் பல மூடின. சில, திருட்டுத்தனமாக வேறு இடங்களுக்குப் போய் ஓட்டின. ஒயர் எரிப்பவனை விரட்டினால் அவனும் அடுத்த ஊர்ப் பள்ளத்துக்குத்தான் போவான். அவன் கெட்டவன் இல்லைங்க, அன்றைய கூலிக்கு எரிக்கிறான். அவன் பொறுக்கி வருவதை எரித்த செம்பை விடக் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் இடம் இருக்க வேண்டும். முதலில் பணம் போக வேண்டியது அங்கே.

ஈரோடு ஆசிரியை:
குறுக்கே வருகிறேன். எங்கள் பள்ளியில் பிள்ளைகளிடம் கேட்டு இரண்டு மூட்டை சேர்த்தோம்: சார்ஜர், ரிமோட், பழைய கைப்பேசி. எடுத்துக்கொள்வதாகச் சொன்ன நிறுவனம் வரவே இல்லை. அளவு குறைவு, வண்டி வாடகைக்குக் கட்டாது என்றார்கள். உலகம் முழுவதும் 2022-ல் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாகவும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. மீதிக் கழிவில் எங்கள் இரண்டு மூட்டையும் அடக்கம் என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை.

குறிச்சிப் பட்டறை:
அக்கா, அந்த வண்டி வாடகைதான் முடிச்சு. கம்பெனிகள் மறுசுழற்சி செய்பவருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது. பெரிய கம்பெனிகள் சில டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அந்தப் பணம் ஒழுங்காக வந்தால் அதிலிருந்து வாடகை கொடுக்கலாம். இல்லாவிட்டால் நான் மானியத்தில் வாங்கும் இயந்திரம், தீனி இல்லாமல் நிற்கும். இதுவரை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் இயந்திரமே வேண்டாம் என்றால் நீங்கள் சேர்த்துத் தருவதை நான் மறுபடியும் மூட்டை கட்டி வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

உக்கடம் இரும்புக்கடை:
இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா. எதை முதலில் என்பதுதான் கேள்வி. கடைக்குப் பின்னால் சுவரோரம் பதினோரு பிக்சர் டியூப் உடைக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் திட்ட அறிக்கை எழுதும்போது அதற்கும் ஒரு வரி போடுங்கள். பதினோரு டியூப்பையும் நானே வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்குகிறேன்.

குறிச்சிப் பட்டறை:
சரி, கொண்டுவாருங்கள். ஈரோட்டு மூட்டைகளையும் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் அக்கா. எடை, வாடகை, எதற்கு என்ன கிடைத்தது என்று மூன்று கணக்கையும் இங்கேயே எழுதுகிறேன்.