காதில் சீழ் வந்தால் ஆன்டிபயாடிக்கே கூடாதாம்!

கொள்ளிடம்காரன்: நேற்று மூலிகைமுத்து இந்த மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "காதில் சீழ் வடிந்தால் ஆன்டிபயாடிக் பக்கமே போகாதீர்கள், எல்லாமே செவிடாக்கும்" என்கிறார், அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. எல்லாமா? பிள்ளைகளுக்குக் காதுவலிக்கு எழுதித் தரும் அமாக்சிசிலினுமா? காதுக்கு ஆகாது என்று முக்கியமாகப் பெயர் வாங்கியது ஒரே ஒரு ஆன்டிபயாடிக் குடும்பம்தான்: ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின், நியோமைசின். அதுவும் ஊசியாகப் போகும்போதும், செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் சொட்டு மருந்தாக விடும்போதும்தான் பயம்.

மூலிகைமுத்து: ஆக, செவிடாக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மருந்துக்கடை மணி: ஊசி சரி. சொட்டு மருந்தை எதற்கு இழுக்கிறீர்கள்? ஜென்டாமைசின் சொட்டு மருந்தை அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் விற்கிறோம். காது போனது என்று ஒருவர்கூட வந்து சொன்னதில்லை.

கொள்ளிடம்காரன்: ஏன் வந்து சொல்லப் போகிறார்கள்? முதலில் போவது கீச்சென்ற உச்ச ஒலிகள், சாதாரணப் பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்தும் சமநிலையும் உள்காதின் வேலைதான்; ஜென்டாமைசின் கேட்கும் திறனைவிட அதைத்தான் அதிகம் கெடுக்கும். தலைசுற்றினால் பித்தம் என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போவார்கள், உங்கள் கடைக்கு வர மாட்டார்கள். விற்பதற்கு முன்னால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தீர்களா, இல்லையா?

செவ்வந்தி: ஒரு நிமிடம். நீங்கள் பேசுவது செவிப்பறைக்கு வெளியே இருக்கும் வெளிக்காதின் அழற்சியா, அதற்கு உள்ளே இருக்கும் நடுக்காதின் அழற்சியா? இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

மருந்துக்கடை மணி: ஓட்டை இருந்தாலும் ஒன்றும் ஆகாது சார். சீழ் பிடித்த காதில் உள்சவ்வு வீங்கித் தடித்திருக்கும், மருந்து அதைத் தாண்டி உள்காதுக்குப் போகாது. சீழை அப்படியே விட்டால் அதுவே காதைக் கெடுக்கும், அதைச் சொல்ல மாட்டீர்களே.

கொள்ளிடம்காரன்: சீழ் கெடுக்கும், யார் மறுத்தது? வீக்கம் வற்றிய பிறகும் நம் ஆட்கள் விட்டுக்கொண்டே இருப்பார்களே, அதற்கென்ன பதில்? மெனியர் நோய் என்கிற உள்காது நோயில் ஓயாமல் தலைசுற்றுகிறவர்களுக்கு ஈஎன்டி டாக்டரே செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஜென்டாமைசினை ஊசியால் செலுத்துகிறார். எதற்கு? அது வட்டச் சாளரம் என்கிற, நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவே மெல்லிய சவ்வு மூடிய துளை வழியாக உள்காதுக்குள் இறங்கி, சமநிலை உறுப்பை மட்டுப்படுத்தட்டும் என்றுதான். அதே மருந்து ஓட்டை வழியாக அதே இடத்தில் விழுந்தால் மட்டும் சாதுவாக உட்கார்ந்திருக்குமா? ஒலியையும் அசைவையும் உணரும் உள்காதின் முடிச்செல் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. ஓட்டை இருந்ததா, பார்த்தீர்களா?

மருந்துக்கடை மணி: அங்கே செலுத்துகிற அளவு வேறு, இங்கே நாலு சொட்டு வேறு. எங்களைப் படிக்காதவன் என்று நினைத்தீர்களா?

ஆடிட்டர் வனஜா: எங்கள் சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க மாட்டார்.

மூலிகைமுத்து: பார்த்தீர்களா! பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் யாரையாவது அப்படி ஆக்கியிருக்கிறதா?

கொள்ளிடம்காரன்: வனஜா மேடம், அது ஊசி. 1943-இல் கண்டுபிடித்த மருந்து, இந்தக் குணம் சில வருடங்களிலேயே டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது. டிபி ஆளைக் கொல்லும் என்பதால் தெரிந்தேதான் போட்டார்கள். தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், சரியான அளவில் போட்டாலே காது போகலாம், அதை 1993-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கேட்பது சொட்டு மருந்தைப் பற்றி. முத்து, ஓட்டைக் காதில் எண்ணெய் ஊற்றச் சொல்லும் உம்மை என்ன செய்யலாம்? சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு என்று ஆரம்பித்து ஒரு விவாதத்தில் நீர் அடித்த கூத்தை யாரும் மறக்கவில்லை.

மூலிகைமுத்து: அந்த விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது நீங்கள்தான்.

கொள்ளிடம்காரன்: ஓடவில்லை, மன்ற நிர்வாகி அந்த விவாதத்தைப் பூட்டினார். மணி, ஓட்டைக் காதுக்கென்றே சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் சொட்டு மருந்து இருக்கிறது, காதைக் கெடுக்காது. அமெரிக்காவில் 1997-இலேயே ஆஃப்லாக்சசினுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அது இருக்கும்போது இதை ஏன் எடுத்து நீட்டுகிறீர்கள்?

மருந்துக்கடை மணி: டாக்டர் எழுதுவதைத்தான் கொடுக்கிறோம்.

கொள்ளிடம்காரன்: சீட்டே இல்லாமல் வருகிறவனுக்கு?

மருந்துக்கடை மணி: நீங்கள் டாக்டரா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

செவ்வந்தி: வெளிக்காதா, நடுக்காதா என்று கேட்டேன்.

மூலிகைமுத்து: அவர் டாக்டர் இல்லை. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர், தன் அறிமுகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

கொள்ளிடம்காரன்: என் வேலை எதுவாக இருந்தால் உமக்கென்ன? ஓட்டையைப் பார்த்தாரா இல்லையா, அவர் சொல்லட்டும்.

மருந்துக்கடை மணி: பொதுப்பணித் துறையா? அப்படியென்றால் எங்கள் தெரு வாய்க்கால் மதகு மூன்று வருடமாக உடைந்து கிடக்கிறதே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் சார்.