"பார்த்தேன் பிள்ளை, சத்தியமாகப் பார்த்தேன்": பதிவின் கீழே தொலைந்த பதில்கள்

வெள்ளவத்தைவாசி:

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா தன் பச்சைக் கோப்பை 100ஆம் இலக்கப் பஸ்ஸில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பம்பலப்பிட்டியில் ஏறி வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கிய சிறு பயணம்தான். கோப்புக்குள் அவருடைய முதல் ஆசிரியர் நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியம் தொடர்பான கடிதங்கள் எல்லாம் இருந்தன. இரண்டு நாட்கள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு.

வியாழன் காலை கீழ் மாடி மாமி கதவைத் தட்டினார். "பிள்ளை, அப்பாவின் கோப்பை ஒரு பொடியன் முகநூலில் போட்டிருக்கிறான். எங்கே கொடுத்தேன் என்றும் கீழே எழுதியிருக்கிறான்."

பதிவு உடனே கிடைத்துவிட்டது. பச்சை அட்டை, அதன்மேல் அப்பாவின் கையெழுத்து, பாதிப் பெயரை மறைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் கட்டைவிரல். ஆனால் எங்கே கொடுத்தான் என்ற பதிலை மட்டும் காணவில்லை. மாமியின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. "பார்த்தேன் பிள்ளை, சத்தியமாகப் பார்த்தேன்" என்று மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் விரலால் தள்ளத் தொடங்கினார். பொய் சொல்கிற ஆள் அவர் இல்லை. அப்படியானால் அந்தப் பதில் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. அந்தப் பதிவின் கீழ் 400க்கும் மேற்பட்ட கருத்துகள் இருந்தன. முகநூல் நாம் கேட்காமலே "மிகப் பொருத்தமானவை" என்று தானே சிலவற்றைப் பொறுக்கி மேலே வைக்கிறது. எது பொருத்தம் என்று தீர்மானிப்பது அது. என் கண்ணுக்கு வந்தவை எல்லாம் "பகிர்ந்துவிட்டேன்", "கடவுள் துணை", கும்பிடும் கைகள். நேற்று மாமிக்கு மேலே வந்த கருத்து இன்று கீழே போய்விட்டது. கருத்துகளின் தலைப்பில் இருக்கும் அந்தச் சொல்லைத் தட்டினால் "புதியவை", "எல்லாக் கருத்துகளும்" என்று வேறு தெரிவுகள் வரும். இவ்வளவு காலம் முகநூலில் இருந்தும் நான் அதை ஒரு நாளும் தட்டியதில்லை.

"எல்லாக் கருத்துகளும்" என்று மாற்றியும் உடனே கிடைக்கவில்லை. ஒரு கருத்துக்குக் கீழே வரும் பதில்களை அது சுருட்டி வைத்திருக்கிறது. தொலைபேசியில் முடியாது என்று மச்சாளின் மடிக்கணினியில் திறந்து, "மேலும் பதில்களைப் பார்" என்பதை ஒவ்வொன்றாக அழுத்தி விரித்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். பிறகு உலாவியின் தேடல் பெட்டியில் "கோப்பு" என்று கொடுத்தேன். ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் "ஃபைல்" என்று கொடுத்தபோது கொட்டியது, ஆனால் எல்லாம் அனுதாபம்.

கொழும்பில் இதுதான் சங்கடம். ஒரே பதிவின் கீழ் தமிழில் ஒருவர், சிங்களத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர், சிங்களத்தை ஆங்கில எழுத்தில் ஒருவர், தமிழை ஆங்கில எழுத்தில் இன்னொருவர் என்று எழுதுகிறார்கள். பாணந்துறையை மட்டும் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். எந்தச் சொல்லைத் தேடுவது?

மச்சாள்தான் சொன்னாள், "எண்ணைத் தேடு அக்கா, எண்ணை எல்லோரும் ஒரே மாதிரித்தானே எழுதுவார்கள்." நம் நாட்டுக் கைத்தொலைபேசி எண்கள் எல்லாம் 07 என்றுதான் தொடங்கும். 07 என்று கொடுத்தேன். ஒன்பது இடங்கள் மஞ்சளாயின. நான்காவது அந்தப் பொடியன். யாரோ ஒருவரின் "எங்கே கண்டெடுத்தீர்கள்" என்ற கேள்விக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் சிங்களமாக எழுதியிருந்தான்: பாணந்துறை பஸ் நிலையத்து டைம் கீப்பரிடம் கொடுத்திருக்கிறேன், இதுதான் அவருடைய எண்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து.


தெகிவளைத் தம்பி:

நேரே அந்தப் பையனுக்கே செய்தி அனுப்பிக் கேட்டிருக்கலாமே, அக்கா?


வெள்ளவத்தைவாசி:

அனுப்பாமல் இருப்பேனா, தம்பி? நண்பர் பட்டியலில் இல்லாதவரின் செய்தி "செய்திக் கோரிக்கைகள்" என்ற மூலைக்குப் போய் விழுகிறது. அவன் அதைத் திறந்தது கோப்பு வீட்டுக்கு வந்து நான்கு நாட்களுக்குப் பிறகு. "அன்ட்டி, கிடைத்ததா?" என்று கேட்டான்.


கொட்டாஞ்சேனை மருமகள்:

என்னுடையது எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்) நடந்தது. 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மழையில் களனி கங்கை பெருகியபோது, வெல்லம்பிட்டியில் இருந்த அண்ணாவின் வீட்டுத் தொலைபேசிகள் எல்லாம் அடங்கிவிட்டன. ஒழுங்கையின் பெயரைப் போட்டு, யாராவது அந்தப் பக்கம் இருக்கிறீர்களா என்று தோழி ஒருத்தி பதிவு போட்டாள். அது பரவியது. பரவியதால்தான் பிரச்சினையே. பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, அரசியல் சண்டையும் கூடவே வந்தது.

எக்ஸில் காசு கட்டிச் சந்தா வைத்திருப்பவர்களின் பதில்களுக்கு முன்னுரிமை உண்டு. அது ஒளிவுமறைவு இல்லை, சந்தாவின் சலுகைகளில் ஒன்றாகவே விற்கிறார்கள். வெள்ளத்துக்குள் நிற்கிறவனிடம் சந்தாவா இருக்கும்? முதல் திரைகள் முழுக்க நீல அடையாளம் வைத்தவர்களின் கருத்துரை. பதில்களை "அண்மையவை" என்று வரிசை மாற்றியும் எனக்கு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் கடைசியில் "எரிதமாக (ஸ்பாம்) இருக்கலாம்" என்று சிலவற்றைத் தனியாக மூடி வைத்திருந்தது.

அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணா சொல்லித்தந்தது இது. பதிவின் இணைப்பை நகலெடுத்தால் அதன் கடைசியில் நீளமான ஓர் எண் இருக்கும். எக்ஸின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் "கான்வர்சேஷன்", ஓர் அடிக்கோடு, "ஐடி", பிறகு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் அந்த எண். இவ்வளவுதான். அந்த உரையாடலில் வந்த பதில்கள், பதிலுக்குப் பதில்கள் என்று தேடல் முடிவுகளாகக் கொட்டும். மேலே "அண்மையவை" பக்கத்தைத் தெரிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயும் பிரபலங்கள்தான் முன்னால் நிற்பார்கள். எண் முதற்பதிவின் எண்ணாக இருக்கவேண்டும். நான் முதலில் நடுவில் இருந்த ஒரு பதிலின் எண்ணைக் கொடுத்துவிட்டு, வெறும் பக்கத்தைப் பார்த்து அழுதேன்.

கிடைத்தது. பின்தொடர்பவர் ஒருவர்கூட இல்லாத கணக்கு, முகப்புப் படம்கூட இல்லை. "அந்த ஒழுங்கை ஆட்கள் பள்ளிவாசல் மேல் மாடியில் இருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருவரும் நலம்" என்று எழுதி, ஒரு வரைபட இணைப்பையும் போட்டிருந்தார். எழுதிப் பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த இணைப்பைப் பார்த்துத்தான் எரிதம் என்று ஒதுக்கியதோ என்னவோ. அண்ணி பிறகு சொன்னார், எழுதியவர் தண்ணீருக்குள் இறங்கிப் போய்ச் சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்தவராம்.


பழைய ஆள்:

நீங்கள் தேடியது கண்ணில் படாத பதில். என்னுடையது எனக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது.

ஒரு கடையில் பிறந்தநாள் கேக் சொல்லியிருந்தோம். வந்தது வேறு பிள்ளையின் பெயரோடு. கடையின் முகநூல் பக்கத்தில் மரியாதையாகத்தான் எழுதினேன், படமும் போட்டேன். மறுநாள் மனைவி பார்த்துவிட்டு, "நீங்கள் எழுதியதாகச் சொன்னீர்களே, ஒன்றும் இல்லையே" என்றார். என் தொலைபேசியில் இருக்கிறது, அவர் தொலைபேசியில் இல்லை! இருவரும் சாப்பாட்டு மேசையில் தொலைபேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பக்கத்தை நடத்துபவர் ஒரு கருத்தை மறைத்தால், அது எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு இல்லை. முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவர் என் முகநூல் நண்பர் பட்டியலில் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். கேக் விஷயம் அதோடு மறந்துபோய் வேறு விசாரணை தொடங்கிவிட்டது.

எக்ஸில் இதைவிட நேர்மை உண்டு. 2019 நவம்பரில் பதிலை மறைக்கும் வசதியை எல்லோருக்கும் கொடுத்தபோது, மறைத்தவற்றைப் பார்க்க ஒரு சின்னத்தையும் பதிவிலேயே வைத்தார்கள். தட்டினால் தெரியும். ஒரு பதில் காணாமற்போனால் முதலில் அங்கே பாருங்கள்.


புறக்கோட்டைக் கணக்கப்பிள்ளை:

நான் மஸ்தொடோன் பாவிக்கிறேன், எக்ஸ் மாதிரி ஒரு சமூக வலைத்தளம், ஆனால் பல வழங்கிகளில் (சேர்வர்களில்) பிரிந்து ஓடுகிறது. சிரிக்காதீர்கள். அங்கே வரிசையை மாற்றிப் பதில்களை ஒளிப்பதில்லை, ஆனாலும் சில பதில்கள் கண்ணில் படாது. ஒவ்வொரு வழங்கியும் தனி வீடு மாதிரி. வேறு வீட்டில் எழுதிய பதில் என் வீட்டுக்கு வந்து சேராமல் இருக்கலாம். புதிய பதிப்புகளில் இதைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவரை, பதிவு முதலில் எழுதப்பட்ட வழங்கியின் பக்கத்தை உலாவியில் திறந்து பார்ப்பதே வழி.


தெகிவளைத் தம்பி:

07 என்று தேடும் யோசனையை நேற்று அறை வாடகைப் பதிவு ஒன்றில் முயன்றேன். முதலில் வந்தது தரகர்கள் ஆறு பேர். ஏழாவது வீட்டுக்காரர். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.


வெள்ளவத்தைவாசி:

நல்லது, தம்பி. முற்பணம் கேட்டால் பார்த்த பிறகு கொடு.

மாமிக்கு ஒரு வேலையைப் பழக்கியிருக்கிறேன். முகநூலில் ஒரு கருத்தின் கீழே "2 மணி" என்று சிறிதாக நேரம் இருக்கும். கணினியில் அதை அழுத்தினால் அந்தக் கருத்துக்கென்றே தனி இணைப்பு திறக்கும். அதை நகலெடுத்து அனுப்பினால், திறப்பவருக்கு 400 கருத்துகளுக்கிடையே அந்த ஒன்று முன்னால் வந்து நிற்கும். இப்போது மாமியிடமிருந்து நாளுக்கு ஏழெட்டு இணைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் ரசத்தூள் பற்றியவை.

அப்பா கோப்பின் அட்டையில் என் கைத்தொலைபேசி எண்ணை மூன்று இடங்களில் எழுதி, மேலே தெளிவான ஒட்டுத்தாளும் ஒட்டியிருக்கிறார். நேற்று மாமியின் எண்ணையும் கேட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.